ஆட்களைப் பாய்ந்து அடிக்கும் வீட்டுச் சேவல்: ஆடிப் பொங்கல் வரை என்ன செய்வது?

உச்சிப்புளி தோப்புவீடு

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் உச்சிப்புளிக்குக் கிழக்கே, தென்கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, பனையும் தென்னையும் கலந்த ஒரு சிறு தோப்பில் குடியிருக்கிறோம். எங்களிடம் சிறுவிடை எனும் சிறிய நாட்டுக்கோழி வகையில் ஐந்து பெட்டைகளும் இரண்டு சேவல்களும் இருக்கின்றன. என் கேள்வி மூத்த சேவலைப் பற்றியது. அதற்கு ஒன்றரை வயது, செவலை நிறம். அது பிறந்த ஒரு வாரத்தில் தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய அந்த ஒற்றைக் குஞ்சை என் மகன் அட்டைப்பெட்டியில் வைத்து, கையில் நொய்யரிசி ஊட்டி வளர்த்தான். நாலு மாதம் வரை அவன் மடியில் வந்து உறங்கிய சேவல் அது.

மூன்று வாரங்களுக்கு முன்பு, கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்த என் அத்தையைப் பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலில் அடித்தது. அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகன் பந்தை எடுக்க ஓடியபோது அவன் மேல் பாய்ந்தது. அதன் கால்முள் பட்ட இடம் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. இரண்டு தையல் போட்டிருக்கிறது. அவனுக்கு ஆறு வயது. ஊட்டி வளர்த்த சேவல் தன்னை ஏன் அடித்தது என்று அவன் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விளக்குமாற்றால் விரட்டினோம், கல்லெறிந்தோம், வாளித் தண்ணீரை வீசி ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் அன்றைக்கு ஓடிவிட்டு, மறுநாள் முன்னிலும் வேகமாக வருகிறது. என் கணவரிடம் மட்டும் அது நெருங்குவதில்லை.

இதை அறுத்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அத்தை இதை முனியசாமிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார். ஆடி மாதம் பொங்கல் வைக்கும்போதுதான் அதைக் கொண்டுபோக வேண்டும், அதுவரை அதன் மேல் கத்தி படக்கூடாது என்பது அவருடைய உறுதி. ஆகவே இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இந்தச் சேவலோடு நாங்கள் வாழ வேண்டும். இந்தக் குணத்தை மாற்ற முடியுமா? நாங்கள் வளர்த்த விதத்தில்தான் தவறா?

பெரியபட்டினம் கொல்லைக்கோழி

சகோதரி, மற்றவற்றையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்று மாலைக்குள் சேவலைப் பிள்ளை நடமாடும் இடத்திலிருந்து பிரித்து அடையுங்கள். பஞ்சாரத்தின் கீழ் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தாலும் போதும். ஆறு வயதுப் பிள்ளையின் முகம் சேவல் எழும்பிப் பாயும் உயரத்தில்தான் இருக்கிறது. இந்த முறை ஒரு விரற்கடையில் கண் தப்பியிருக்கிறது.

தேவிபட்டினம் வடக்குத்தெரு

தங்கைக்கு வணக்கம். எங்கள் அப்பா காலத்தில் இப்படிப்பட்ட சேவலைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நாலு சுற்றுச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அது வாலைச் சுருட்டிக்கொண்டு திரியும். பயம் இல்லாத மிருகம் பணியாது என்பது என் கருத்து. கருவாட்டுத் தூள் போடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். கருவாடு தின்னும் சேவலுக்கு உடம்பில் சூடு ஏறி வெறி வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

நான் இந்த மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அம்மா, முதலில் உங்கள் மகனின் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனெனில் உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கோழிக்கூட்டத்தில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற வரிசை ஒன்று எப்போதும் இருக்கும். தோர்லீஃப் ஷெல்டெருப் எபே என்ற நார்வே நாட்டவர் 1921ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். நம் வீட்டுப் பெண்களோ அதற்கு வெகுகாலம் முன்பே, தீனி போடும் நேரத்தில் எந்தப் பெட்டை எதைக் கொத்தித் தள்ளுகிறது என்று பார்த்தே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். தாயோடும் மற்றக் குஞ்சுகளோடும் வளரும் சேவற்குஞ்சு, மனிதர் வேறு, தன் இனம் வேறு என்று அறிந்து வளர்கிறது. பெரிய சேவல் ஒன்று இருந்தால் அடக்கத்தையும் கற்றுக்கொள்கிறது. உங்கள் சேவலுக்கோ தாயும் உடன்பிறப்பும் கூட்டமும் எல்லாமே உங்கள் மகன்தான். நாலைந்து மாதத்தில் பருவம் வந்து ஆண்மைச் சுரப்பு ஏறியதும், இன்னொரு சேவலிடம் காட்ட வேண்டிய போட்டியை அது அவனிடம் காட்டியது. அன்பு மறைந்து அது பகையாளியாகிவிட்டது என்று அவன் நினைக்க வேண்டாம். தன் கூட்டத்தில் ஒருவனாக எண்ணியதால்தான் அவனோடு மோதியது என்று சொல்லுங்கள். மனிதரிடம் அச்சம் விட்டுப்போன சேவல், அச்சத்தோடு வளர்ந்த சேவலைவிட ஆபத்தானது என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் விரட்டியபோது நடந்ததைச் சேவலின் பக்கமிருந்து பாருங்கள். அது பாய்ந்தது, எதிராளி அடித்தார், அது விலகியது. எதிராளியும் வீட்டுக்குள் போய்விட்டார். அதன் கணக்கில் அது முடிவு தெரியாத ஒரு சண்டை, மறுநாள் தொடர வேண்டிய சண்டை. பையன் அலறி ஓடியதோ அதற்குத் தெளிவான வெற்றி. ஆகவே அடிப்பதும் ஓடுவதும் இரண்டுமே அதற்குப் பாய்ச்சலைப் பழக்கிக் கொடுக்கின்றன. தேவிபட்டினம் அன்பர் சொன்ன தலைகீழ் முறையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பறவைகளுக்கு நம்மைப் போல மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சைத் திணறவைக்கும். ஒரு வாரம் அது ஒடுங்கிக் கிடப்பது பணிவு அன்று, நோவு. கருவாட்டைப் பற்றியும் ஒரு சொல்: அதனால் வெறி வருவதில்லை. ஆனால் கருவாட்டுக் கழிவில் உள்ள உப்பு கோழிக்கு நஞ்சு. தாகம் மிகுந்து, தண்ணீராகக் கழிந்து, அளவு மீறினால் செத்தே போகும். நம் கரையோரத்தில் பல இடங்களில் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கும் நிலையில், உப்புக் கருவாட்டைத் தீனியில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

இப்போது பழக்க வேண்டிய முறை. இது பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. பிள்ளை அருகிலேயே இருக்கக் கூடாது. சேவல் திடீரென்று பாய்வதாக நமக்குத் தோன்றினாலும், பாய்வதற்கு முன் அது எப்போதும் சொல்லிவிட்டுத்தான் பாய்கிறது. ஒரு சிறகைத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் அரைவட்டம் சுற்றும், தலையைத் தாழ்த்தும், கழுத்து மயிர் குடைபோல விரியும், சில சேவல்கள் தரையைப் பொய்யாகக் கொத்திக் கொத்தி, ஒற்றைக் கண்ணால் நம்மை அளந்தபடி நெருங்கும். இந்த நிலையில் பின்வாங்காதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், கையை ஓங்காதீர்கள். ஒரு சுளகை முழங்காலுக்கு முன் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி மெதுவாக நடங்கள். பாய்ந்தால் சுளகில் மோதட்டும். அது விலகி, வேறு பக்கம் திரும்பி, உண்மையாகவே தரையைக் கொறிக்கத் தொடங்கும் வரை நீங்கள் இடத்தை விட்டு அசையக் கூடாது. கால் மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டும். கடைசியாக இடத்தை விட்டுப் போவது அதுவாக இருக்க வேண்டும். நாள்தோறும் காலையும் மாலையும் ஒரே ஆள் செய்வதைவிட, வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய வேண்டும், ஏனெனில் ஒருவரிடம் அடங்கிய சேவல் இன்னொருவரிடம் அடங்குவதில்லை. உங்கள் கணவரிடம் மட்டும் அது நெருங்காததற்கும் இதுவே காரணம்.

இன்னும் ஒன்று. சேவலுக்குக் கையால் தீனி கொடுக்காதீர்கள். பெட்டைகள் நிற்கும் இடத்தில் இறையுங்கள். நல்ல சேவல் தான் தின்னாமல், தானியத்தை எடுத்துப் போட்டு, கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும். அந்த வேலையை அதற்குத் திருப்பிக் கொடுங்கள்.

காயத்தைப் பற்றி: முள் குத்திய காயம் வெளியே சிறியதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பல நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசிக் காயத்தின் வாயை அடைத்துவிடக் கூடாது. தனுர்வாதத் தடுப்பூசி பையனுக்குப் போட்டிருப்பார்கள். உங்கள் அத்தைக்கும் போட்டீர்களா? வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியது, கோழியால் வராது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

உச்சிப்புளி தோப்புவீடு

ஐயாவுக்கு மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை என் மகனுக்கு என் சொற்களில் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அதற்கு ஒரு அண்ணன் சேவல் இருந்திருந்தால் என்னை அடித்திருக்காதா?" என்று கேட்டான். அத்தைக்கு ஊசி போடவில்லை. கால் லேசாகப் புண்பட்டதுதானே என்று விட்டுவிட்டோம். இன்று அழைத்துப்போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.

சேவலை இப்போது பஞ்சாரத்தில் அடைத்திருக்கிறேன், ஆனால் பகல் முழுதும் அதற்குள் அடைந்து கிடப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. இது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் கணவரும் கொழுந்தனாரும் ஜூன் 14 வரை வீட்டில்தான் இருக்கிறார்கள். வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் அவர்கள், கழித்த நைலான் வலையைக் கொண்டு தோப்பின் ஓரத்தில் ஒரு தனி அடைப்புக் கட்டித் தரலாம் என்கிறார்கள். இளைய சேவலுக்கு எட்டு மாதம் ஆகிறது. அது ஆட்களிடம் வருவதில்லை. ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவல் அதிகமா?

வாலிநோக்கம் உப்புக்காற்று

வலை அடைப்பைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நானும் கழித்த வலையில்தான் கட்டினேன். கண் அகன்ற வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டதால், ஓர் இரவு சேவலின் முள்ளும் விரல்களும் வலையில் சிக்கி, விடியும் வரை துடித்து, காலில் இரத்த ஓட்டம் நின்று ஒரு விரலை இழந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே கண் சிறிய வலையாக எடுத்து, கம்புகளுக்கு இடையில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அடியில் முழங்கால் உயரத்துக்காவது வலையே வேண்டாம், பனையோலைப் படல் வையுங்கள்.

படல் வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. வலைக்கு அப்பால் இளைய சேவல் நடமாடுவதை மூத்தது பார்த்துக்கொண்டே இருந்தால், நாள் முழுதும் வேலியோடு மோதி, அந்தச் சினத்தையெல்லாம் தீனி வைக்கப் போகிறவர் மேல் காட்டும். பார்வை மறைந்தால் பாதிச் சண்டை குறைகிறது. மேற்பக்கத்தையும் வலையால் மூடுங்கள். தென்கடல் காற்று ஆனி ஆடியில் ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது உங்களுக்கே தெரியும். படலை இரட்டைக் கட்டாகக் கட்டுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

வாலிநோக்கம் அன்பர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவல் என்றால் பெட்டைகளின் முதுகைப் பாருங்கள். மிதிபட்டு மிதிபட்டு இறகு உதிர்ந்து தோல் தெரியும். போட்டியும் ஓயாது. மூத்ததைத் தனியே வைப்பது பெட்டைகளுக்கும் நல்லது.

மேலைநாட்டுக் குறிப்புகளைப் படிப்பவர்கள், பகல் நீளும் வசந்த காலம் முடிந்தால் சேவல் தானே அடங்கும் என்று எழுதியிருப்பதைக் காணலாம். அந்நாடுகளில் அது உண்மை. இராமநாதபுரத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. இங்கே பருவம் மாறும், சேவல் அடங்கும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

கீழக்கரை அசில்பிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். பெருவிடை அசில் சேவல்களை வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சண்டைச் சாதிச் சேவல்தான் ஆளை அடிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. அசில் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் விடாது. ஆனால் அதைக் கையில் பிடித்துக் குளிப்பாட்டலாம், பிள்ளைகள்கூடத் தூக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கையில் பிடித்துப் பழக்கிய இனம் அது. ஆளைக் கொத்திய சேவலிலிருந்து எங்கள் பெரியவர்கள் குஞ்சு எடுத்ததே இல்லை. இனத்தைவிட, எந்தச் சேவலிலிருந்து குஞ்சு எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முள்ளைப் பற்றி: சுட்ட உருளைக்கிழங்கை முள்ளில் செருகி, சற்று நேரம் கழித்துத் திருகினால் முள் கழன்று வந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். முள் என்பது நகம் மாதிரியான ஒரு கூடு. அதன் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. கிழங்கின் சூட்டில் கூடு கழலும்போது உள்ளிருப்பது தோலுரிந்த விரல்போலத் திறந்து நிற்கும், காலும் வெந்துபோகும். முள்ளை மழுக்க வேண்டுமானால் இரவில், சேவல் அடைந்த பிறகு, துணியால் சிறகுகளைச் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சிறிய அரத்தால் நுனியை மட்டும் உருட்டிவிட வேண்டும். நுனியில் கூர்மை போனால் போதும், நீளத்தைக் குறைக்கப் பார்க்கக் கூடாது. நிறம் மாறிச் சிவப்புத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, துணியால் அழுத்திப் பிடியுங்கள். இருட்டில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு. பகலில் எமனாக நிற்கும் சேவல் இரவில் கையில் பொம்மைபோல அடங்கும். அந்த நேரத்திலேயே சிறகுக்கடியிலும் மலவாயைச் சுற்றியும் பேனும் செள்ளுப் பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரவெல்லாம் கடிபடும் பறவை பகலில் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும்.

விதை நீக்கம் பற்றி எனக்குத் தனிமடலில் இருவர் கேட்டிருக்கிறீர்கள். சேவலின் விதைகள் உடலுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கின்றன. ஆட்டுக்கிடாய்க்குச் செய்வதுபோல வெளியிலிருந்து செய்ய முடியாது. வீட்டில் நினைத்துப் பார்க்கவும் கூடாத செயல் அது.

திருப்பாலைக்குடி வலைவீடு

என் நண்பர் ஒருவர் இப்படி மூர்க்கமான சேவலைச் சேவற்கட்டுக்காக நல்ல விலைக்கு வாங்குவார். நேர்ந்த சேவலுக்குப் பதில் வேறொரு சேவலைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, இதை அவரிடம் கொடுத்தால் உங்கள் தொல்லையும் தீரும், பணமும் கிடைக்கும்.

பெரியபட்டினம் கொல்லைக்கோழி

விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, காலில் கத்தி கட்டப்பட்டுச் சாகப்போகும் இடத்துக்கு, ஒரு பிள்ளை மடியில் வைத்து வளர்த்த சேவலை அனுப்பும் யோசனையை இங்கே எழுத வேண்டாம் என்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டி முற்றத்து அக்கா

இந்த இழையை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டுமா என்று தயங்கினேன். திருப்பாலைக்குடித் தம்பியின் பதிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடமும் இப்படி ஒரு சேவல் இருந்தது. கொண்டை சரிந்து, வால் வில்லாய் வளைந்து, ஊரே நின்று பார்க்கும் அழகு. அது என்னை மூன்று முறை அடித்தது. நான் அதை அறுக்கவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் துணிவில்லாமல், பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்குக் கொடுத்தேன். அவர் சேவல் கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் குணத்தைச் சொன்னால் வாங்கமாட்டார் என்று சொல்லாமல் மறைத்தேன். புது இடத்தில் போனால் அடங்கிவிடும் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். பத்தாம் நாள், கோழிக்கூண்டைத் திறக்கப்போன அவரைப் பாய்ந்து அடிக்க, நிலைதடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. "மிருகம்தானே தாயி" என்றார். நான் முன்பே சொல்லியிருந்தால் கையில் ஒரு கம்பாவது வைத்திருந்திருப்பார்.

ஆகவே தங்கச்சி, சேவலைப் பழக்க முடிந்தால் பழக்குங்கள், தனியே வைக்க முடிந்தால் வையுங்கள், இரண்டும் முடியாது என்றால் உங்கள் வீட்டிலேயே அதன் கதை முடியட்டும். சந்தையில் விற்றாலும் சும்மா கொடுத்தாலும், அதன் குணத்தைச் சொல்லாமல் அடுத்தவர் முற்றத்தில் விடாதீர்கள். இளஞ்சேவல் ஒன்று ஐந்தாறு மாதத்தில் துள்ளுவதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இளஞ்சேவலின் துள்ளல் பெரும்பாலும் சுளகு முறையில் சரியாகிவிடும். ஒன்றரை வயதில் பின்னாலிருந்து வந்து முகத்துக்கு நேராகப் பாயும் சேவலை நான் முழுவதும் நம்பமாட்டேன்.

நேர்ச்சையைப் பற்றி: எங்கள் பக்கம் நேர்ந்த சேவலை மாற்ற வேண்டுமானால் பூசாரியிடம் கேட்டு, சாமியிடம் உத்தரவு வாங்குவார்கள். உங்கள் அத்தைக்கு அதில் மன நிறைவு இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்.

தேவிபட்டினம் வடக்குத்தெரு

அக்காவின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அமைதியாக இருந்தேன். தலைகீழாகத் தொங்கவிடுவது பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் அப்பா அதைச் செய்த சேவல்களில் எதுவும் இரண்டாவது ஆடியைப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உச்சிப்புளி தோப்புவீடு

நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தொண்டி அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், அத்தை கண்கலங்கிவிட்டார்.

கொழுந்தனார் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அடைப்புக் கட்டிக் கொடுத்தார். அடியில் படல், மேலே சிறுகண் வலை. உள்ளே ஒரு வேப்பங்கிளையை அடைவதற்காக நட்டிருக்கிறோம். மூத்த பெட்டை ஒன்றைத் துணைக்கு விட்டிருக்கிறோம். முள் நுனியை இரவில் அரத்தால் மழுக்கினோம்; ஐயா சொன்னதுபோலவே அசையாமல் இருந்தது.

சுளகு முறையை நானும் அத்தையும் தினமும் செய்தோம். முதல் நாள் ஆறு முறை சுளகில் மோதியது. என் கை நடுங்கியது. பின்வாங்கக் கூடாது என்று ஐயா எழுதியதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். இருபது நிமிடங்களுக்குப் பிறகு அது திரும்பிப்போய் மண்ணைக் கிளறியது. ஒரு வாரத்தில் மோதுவது நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் எனக்கு வழிவிடத் தொடங்கியது. அத்தையிடம் இன்னும் சிறகை உரசிச் சுற்றுகிறது, ஆனால் பாய்வதில்லை. அவர் சேலை காற்றில் படபடக்கும்போதுதான் அது கூடுதலாகச் சினப்படுகிறது என்பதைக் கவனித்தோம். இப்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே போகிறார்.

ஒரே ஒரு கவலை. சென்ற வாரம் என் மகன் படலுக்கு வெளியே நின்றபோது, அவன் குரலைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளிருந்து வேலியின் மேல் பாய்ந்து மோதியது. எங்களிடம் இவ்வளவு அடங்கியும் அவனிடம் ஏன் அடங்கவில்லை?

கீழக்கரை அசில்பிரியர்

அக்கறையோடு கேட்கிறேன்: அதைக் கையில் எடுத்து, கால்களைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி தினமும் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தீர்களா? எங்கள் சேவல்களுக்கு நாங்கள் செய்வது அதுதான். பையனும் கூட நடந்தால் அவனோடும் பழகுமே.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

பெரியவர்கள் எடுத்து நடப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தலை தாழ்ந்து, உடல் தளர்ந்த பிறகே கீழே விட வேண்டும்; துள்ளும்போது விட்டால் துள்ளினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். ஆனால் சிறுவயதிலிருந்து கைபட்டுப் பழகிய அசிலுக்கு இதமாக இருப்பது, இந்தச் சேவலுக்குப் பெரும் அச்சமாக இருக்கலாம். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பையனைக் கூட நடத்தும் யோசனையை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். அம்மா, அவனிடம் அது அடங்காததற்குக் காரணம், அவனை அது ஒருமுறை வென்றுவிட்டது. அந்த வெற்றியை மாற்ற வேண்டுமானால் அவன்தான் சுளகோடு அதன் முன் நிற்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே அவனைப் பொறுத்தவரை இந்தச் சேவல் திருந்தாது என்றே வைத்துக்கொண்டு, அடைப்பின் கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போடுங்கள்.

உச்சிப்புளி தோப்புவீடு

கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன். ஆடி மூன்றாம் வெள்ளி பொங்கல் வைத்தோம். சேவல் போய்விட்டது. நேர்ச்சை தீர்ந்ததில் அத்தைக்கு நிறைவு. மகன் கோயிலுக்கு வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. போகும் முன் படலுக்கு வெளியே நின்று, ஓட்டைவழியே சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அது வேலியில் மோதவில்லை. துணைப் பெட்டைக்குத் தானியம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

இளைய சேவல்தான் இப்போது கூட்டத்தோடு திரிகிறது. அது தாயோடு வளர்ந்தது. ஆளைக் கண்டால் நாலடி விலகிப்போகிறது. சென்ற வாரம் பருந்து வட்டமிட்டபோது அது ஒரு தனிக் குரல் எழுப்ப, பெட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் செடிகளுக்குள் ஒடுங்கின. நாய் வந்தால் எழுப்பும் குரல் வேறு என்று மகன் கண்டுபிடித்து எனக்குச் சொன்னான்.

துணைக்கு விட்டிருந்த பெட்டை அந்த அடைப்பிலேயே ஒன்பது முட்டைகளில் அடை உட்கார்ந்திருக்கிறது. தந்தை மூத்த சேவல்தான். இருபத்தொரு நாளில் பொரித்ததும் தாயிடமே விட்டு வளர்க்கப்போகிறோம், யாரும் கையில் எடுப்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். அந்தக் குஞ்சுகளில் வரும் சேவல்களை இனத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சேவற்குஞ்சுகளை எட்டு மாதம் வரை கவனித்து, ஆளிடம் ஒருமுறையேனும் சிறகு உரசிச் சுற்றியதைக் கறிக்கு ஒதுக்கிவிடுங்கள். குணத்தில் ஒரு பகுதி இரத்தத்திலும் வரும். எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட மறக்க வேண்டாம்.

உச்சிப்புளி தோப்புவீடு

சரி ஐயா. நாட்காட்டியில் குறித்துவிட்டேன். கொண்டியை மட்டும் கழற்றவில்லை.